வேடமிட்டு வரும் வயிற்றுவலி



நான் பயிற்சி மருத்துவனாக இருந்த காலத்தில், ஒரு நாளிரவு பதினோரு வயதுச் சிறுவன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். அடிவயிற்றில் கடும் வலி; வாந்தி. குடல்வால் நோய் என்றே நான் முடிவு கட்டினேன். மூத்த மருத்துவரோ அவன் மூச்சு விடுவதைச் சற்று நேரம் கவனித்தார். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருந்தது. "பையன் நிறையத் தண்ணீர் குடிக்கிறானா, அம்மா?" என்று தாயாரைக் கேட்டார். "ஒரு மாதமாகக் குடம் குடமாகக் குடிக்கிறான், ஐயா" என்றார் அவ்வம்மையார். சிறுநீரைச் சோதித்தோம். நோய் நீரிழிவு! இன்சுலினும் நரம்பு வழியே செலுத்திய உப்புநீரும் வலியைத் தணித்தன. அன்று அவனை மயக்கிக் கத்தியை எடுத்திருந்தால் பிழைத்திருப்பானோ என்பது ஐயமே.

குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் விரல் போன்ற சிறு குழல். அதன் அழற்சிக்கு 'அப்பெண்டிசைட்டிஸ்' என்று 1886-இல் பெயரிட்டவர் ரெஜினால்டு ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர். வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கிச் சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றில் வந்து நிலைக்கும். ஆனால் அவ்விடத்தில் வலிப்பன எல்லாம் குடல்வாலால் வருவன அல்ல.

நூற்றுக்கு ஏறத்தாழ இருவருக்குச் சிறுகுடலின் கடைப்பகுதியில் ஒரு சிறு பை இருக்கிறது. கருவில் இருந்த ஒரு குழல் முற்றும் மறையாமல் எஞ்சியதே அது. 1809-இல் அதனை விளக்கிய ஜெர்மானிய அறிஞர் மெக்கெல் பெயரால் அது வழங்குகிறது. அது அழற்சியுற்றால் குடல்வால் நோயிலிருந்து பிரித்தறிவது அரிது. ஆகவே, வயிற்றைத் திறந்து பார்க்கையில் குடல்வால் நலமாயிருப்பின், அறுவை மருத்துவர் சிறுகுடலின் கடைசிச் சில அடிகளையும் தேடிப் பார்ப்பார்.

பெருங்குடலின் வெளிப்புறத்தில் தொங்கும் சிறு கொழுப்புத் துணுக்குகள் முறுக்கிக்கொண்டாலும் இத்தகைய வலி உண்டாகும். இதற்குப் பெரும்பாலும் கத்தி வேண்டுவதில்லை; சில நாட்களில் தானே அடங்கும். 'போர்ஃபிரியா' என்னும் அரிய பரம்பரை நோயில் வலி கொடிதாயினும் வயிறு மென்மையாகவே இருக்கும். சிறுநீர் வெளிச்சத்தில் வைத்தால் கருஞ்சிவப்பாக மாறலாம். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் தோன்றும் நிமோனியாவும் குழந்தைகளுக்கு வயிற்றுவலியாக வெளிப்படுவதுண்டு.

பெண்களுக்குச் சூற்பை முறுக்கிக்கொள்ளலாம். கருப்பைக்கு வெளியே கருத் தங்கலாம். ஆண்களுக்கு விதைப்பை முறுக்கிக்கொண்டால், சிலருக்கு வலி முதலில் வயிற்றிலேயே தோன்றும். சுமார் ஆறு மணி நேரத்திற்குள் அதைச் சரிசெய்யாவிடில் அவ்வுறுப்பை இழக்க நேரும். கூச்சத்தால் இவற்றை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இன்று ஸ்கேன் கருவிகள் வயிற்றினுள்ளே நடப்பதைப் பெருமளவு காட்டுகின்றன. எனினும் எதைத் தேடுவது என்று அவற்றுக்கு வழிகாட்டுவது நோயாளி சொல்லும் வரலாறே. எனவே கடும் வயிற்றுவலி வந்தால் பேதி மருந்து உட்கொள்ளாதீர்கள். உணவை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வலி எங்கே தொடங்கியது, எப்போது தொடங்கியது, அதற்கு முன் உடலில் என்ன மாறுதல் கண்டீர்கள் என்பவற்றை ஒளிக்காமல் கூறுங்கள். அச்சிறுவனைக் காப்பாற்றியது, தண்ணீரைப் பற்றி அவன் தாயார் சொன்ன அந்த ஒரு சொல்தான்.