தைப்பிங் மலையும் மழையும்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது, "பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம்?" என்ற கேள்வி நம் வீடுகளில் எழுவது இயல்பு. பேராக் மாநிலத்தில் வாழும் நமக்கு, அதிகச் செலவில்லாத விடையொன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சாரைத் தாண்டிச் சென்றால் தைப்பிங் நகரம் வரும். அங்கே அழகிய ஏரிப்பூங்கா ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் சுவர் எழுப்பியதுபோல் நிற்பது பச்சை மலை. அதன் பெயர் புக்கிட் லாருட். நம் பெரியவர்கள் இன்றும் அதை மேக்ஸ்வெல் மலை என்றே சொல்வார்கள்.

ஏரியும் மலையும் சேர்ந்த இந்த இடம் கண்ணுக்கு விருந்து. ஆனால் நம் நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் இதுவும் ஒன்று. காலையில் தெளிவாகத் தெரியும் மலை, மதியத்துக்குள் மேகத்தில் மறைந்துவிடும். அதன் குணமறிந்து போகிறவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. அறியாமல் போகிறவர்களுக்கு ஆபத்து. ஆகவே இந்த மலைப்பாதை எப்படிப்பட்டது, மழை ஏன் இங்கே இவ்வளவு பெய்கிறது, எந்த மாதத்தில் எப்படி இருக்கும், நாம் எவ்வாறு கவனமாக நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றை இன்று காண்போம்.

முதலில் ஏரி. இது இயற்கையாக அமைந்த ஏரியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஈயம் தோண்டினார்கள். ஈயம் எடுத்து முடிந்ததும் எஞ்சியவை பெரும் பள்ளங்களும் மணல்மேடுகளுமே. அந்த நிலத்தை 1880ஆம் ஆண்டில் பொதுப் பூங்காவாகத் திருத்தத் தொடங்கினார்கள். பள்ளங்கள் ஏரிகளாயின. மேடுகளில் புல்லும் மரமும் வளர்ந்தன. இன்று கரையோரத்தில் கிளைகளை நீட்டிச் சாலையைத் தாண்டி நீரைத் தொட வரும் பெருமரங்களைப் பார்க்கலாம். அவை தூங்குமூஞ்சி மரங்கள். நூறாண்டுக்கு மேல் வயதானவை. மாலையில் ஒளி குறையும்போதும், மேகம் மூடி வானம் இருளும்போதும் அவற்றின் இலைகள் மடிந்துகொள்ளும். வானத்தைப் படிப்பதற்கான முதற்பாடம் ஏரிக்கரையிலேயே தொடங்கிவிடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஏரிக்கரையை விட்டு மலையை நோக்கிச் செல்லும் சாலையில், இருபுறமும் வரிசை வரிசையாகக் கல்லறைகள் தெரியும். இரண்டாம் உலகப் போரில் மலாயாவில் உயிர்துறந்த வீரர்கள் 850 பேருக்கு மேல் அங்கே துயில்கிறார்கள். அவர்களுள் 500க்கும் அதிகமானவர்கள் இன்னார் என்றே அறியப்படாதவர்கள். இந்திய இராணுவத்தில் சேர்ந்து கடல் கடந்து வந்து மாண்டவர்களும் இவர்களில் உண்டு. சற்று நேரம் நின்று வணங்கிவிட்டுச் செல்வது நல்லது.

அதற்கப்பால் மலையடிவாரம். அங்கிருந்து மேலேயுள்ள பழைய விடுதிகள் வரை ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு குறுகிய தார்ச்சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. 1884ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கில அதிகாரிகள் குளிர்ச்சியை நாடி இங்கே தங்குமிடம் அமைத்தார்கள். பேராக்கில் துணை ரெசிடெண்டாகப் பணியாற்றிய வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல் என்பவரின் பெயரே மலைக்கு இடப்பட்டது. 1979ஆம் ஆண்டில் அது புக்கிட் லாருட் எனப் பெயர் மாறியது. அந்தக் காலத்தில் மேலே போக வேண்டுமானால் நடக்க வேண்டும், அல்லது குதிரையில் ஏற வேண்டும், அல்லது நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களைக் கொண்டு தூக்கிச் செல்லச் சொல்ல வேண்டும். இப்போதுள்ள சாலையைப் போருக்குப் பின் சப்பானியக் கைதிகளைக் கொண்டு வெட்டத் தொடங்கினார்கள். 1948ஆம் ஆண்டில் அது பயனுக்கு வந்தது. நடந்து ஏறுகிறவர்களுக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும்.

ஏற ஏறக் காடு மாறுவதைப் பிள்ளைகள் காண வேண்டும். அடிவாரத்தில் வானளாவிய மரங்கள். நடுவழியில் மூங்கிலும் காட்டு வாழையும். ஆயிரம் மீட்டரை நெருங்கும்போது மரங்கள் குட்டையாகி, அடிமரமெங்கும் பாசி படர்ந்திருக்கும். மரம்போல் உயர்ந்து நிற்கும் பெரணிகளையும் காணலாம். இந்த மாற்றத்துக்குக் காரணம் குளிர். பொதுவாக நூறு மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ அரைப் பாகைக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகை. தைப்பிங்கில் 32 பாகை வெயிலடிக்கும் வேளையில் மேலே 26 பாகைதான் இருக்கும். மழையில் நனைந்து காற்றும் வீசினால் சிறு பிள்ளைகள் நடுங்கிப் போவார்கள்.

இனி, மழை ஏன் இவ்வளவு என்று பார்ப்போம். தைப்பிங் வட்டாரத்தில் ஓராண்டில் பெய்யும் மழை சுமார் 4,000 மில்லிமீட்டர். நெகிரி செம்பிலானிலுள்ள ஜெலபு வட்டாரத்தில் பெய்வது சுமார் 1,650 மில்லிமீட்டர்தான். 4,000 மில்லிமீட்டர் என்றால் நான்கு மீட்டர். ஓராண்டு மழைநீர் ஓடாமலும் வற்றாமலும் நின்றால், இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்! அந்நாளில் தைப்பிங்வாசிகள், இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இதற்குக் காரணத்தை நம் அடுக்களையிலேயே காணலாம். சோறு கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் தொங்கும். கீழிருந்து எழுந்த ஆவி, குளிர்ந்த மூடியில் பட்டு மறுபடியும் நீரானது. மலையிலும் இதுவே நடக்கிறது. தைப்பிங்கிற்கு மேற்கே மலாக்கா நீரிணை இருக்கிறது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகிறது. கடலிலிருந்து ஈரக்காற்று நிலத்தை நோக்கி வீசுகிறது. சமவெளியைத் தாண்டி வந்த காற்றை மலை தடுத்து நிறுத்துகிறது. வேறு வழியின்றிக் காற்று மேலே ஏறுகிறது; ஏறும்போது குளிர்கிறது; குளிர்ந்ததும் அதிலுள்ள ஆவி மேகமாகி மழையாகக் கொட்டுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. கடற்காற்று வலுப்பெறுவது முற்பகலுக்குப் பின். ஆகவே மலையில் மேகம் திரள்வது நண்பகலில். மழை பெரும்பாலும் பிற்பகலில். காலைப்பொழுதே நடப்பதற்கு ஏற்றது. பால்மரக் காட்டில் உழைத்த நம்மவர்கள் இருட்டோடு பெரட்டுக்குப் போய், விடிந்ததும் மரம் வெட்டியது ஏன்? குளிர்ந்த காலையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். மழை வந்தால் மங்கிலுள்ள பாலும் வீண், அன்றைய கூலியும் போயிற்று. வானத்தை நம்பி வாழ்ந்த அந்த ஒழுங்கு மலைக்கும் அப்படியே பொருந்தும்.

இப்போது மாதங்களைப் பார்ப்போம். நம் நாட்டில் பனிக்காலமோ கோடைக்காலமோ இல்லை. காற்று மாறுவதைக் கொண்டே காலம் மாறுகிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் வெள்ளம் பெருகுவது அப்போதுதான். பேராக்கிற்கும் கிழக்குக் கரைக்கும் நடுவே தித்திவாங்சா மலைத்தொடர் தடுப்பாக நிற்பதால், சனவரி பிப்ரவரியில் நம் பக்கம் மழை குறைகிறது. பால்மரங்கள் இலை உதிர்ப்பதும் ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான். காட்டில் சருகு மிதிபடும் ஓசை கேட்டால் மலைக்கும் ஏற்ற காலம் வந்துவிட்டது என்று அறியலாம்.

மார்ச் இறுதி முதல் மே முற்பகுதி வரை காற்று திசைமாறும் காலம். காலையில் புழுக்கம், பிற்பகலில் இடி மின்னலோடு பெருமழை. மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. சுமத்திராவின் மலைகள் மறைப்பதால் சூன், சூலையில் மழை சற்றுக் குறையும். ஆனால் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, காட்டுத்தீயால் வரும் புகைமூட்டம். மற்றொன்று, சுமத்திராப் பக்கமிருந்து நள்ளிரவுக்குப் பின் கிளம்பி விடியற்காலையில் வந்து மோதும் சூறைக்காற்று மழை. காலை நேரம் நல்லது என்ற விதிக்கு இது விலக்கு. விடியலில் மேற்கு வானம் கறுத்திருந்தால் அன்று மலைக்குப் புறப்படலாகாது. செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை மீண்டும் காற்று மாறும் காலம். அக்டோபரும் நவம்பரும் மிகுந்த மழை மாதங்கள். குடும்பத்தோடு மலையேறுவதை அப்போது தவிர்ப்பதே அறிவுடைமை.

ஆயினும், மழை குறைந்த மாதம் என்றால் மழையே இல்லாத மாதம் என்று பொருளன்று. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாளை நாம் நினைவில் வைக்க வேண்டும். நம் பேராக்கில், கம்பாருக்கு அருகிலுள்ள போஸ் டிப்பாங் என்னும் பூர்வகுடி மக்களின் கிராமத்தில் நடந்தது அது. மலையில் கொட்டிய பெருமழை, சேற்றையும் மரங்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. 44 உயிர்கள் பலியாயின. 2021ஆம் ஆண்டு அதே ஆகஸ்டு மாதத்தில் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளமும் உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இத்தகைய நீரை மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தலைவெள்ளம் என்று நாம் சொல்லலாம். நாம் குளித்துக்கொண்டிருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். வானம் தெளிவாக இருக்கும். மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மழை கொட்டியிருக்கும். சுள்ளிகளும் சருகுகளும் ஓரிடத்தில் அடைத்துக்கொள்ள, அதன் பின்னால் நீர் தேங்கும். அடைப்பு உடைந்ததும் அத்தனை நீரும் ஒரே மூச்சில் இறங்கும். அதற்கு முன்னறிவிப்பு சில நொடிகளே. தெளிந்த நீர் திடீரென்று கலங்கிப் பழுப்பாகும். இலைகளும் குச்சிகளும் மிதந்து வரும். மேலேயிருந்து இரைச்சல் கேட்கும். சில வேளை நீர் வழக்கத்துக்கு மாறாகக் குறையும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், துணிமணி, சோற்றுக் கூடை, செருப்பு எதையும் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடக்கூடாது. பக்கவாட்டில் கரையேற வேண்டும்.

நிலச்சரிவும் மழையின் பிள்ளைதான். பல நாள் மழையைக் குடித்த மண் கனத்துத் தளர்ந்து போகிறது. வேர்கள் பிடித்திருக்கும் வரை தாங்கும். பிடி விட்டால் சரியும். புக்கிட் லாருட் சாலையும் நிலச்சரிவுகளால் மூடப்பட்டதுண்டு. எனவே புறப்படுமுன் பாதை திறந்திருக்கிறதா, அனுமதி பெற வேண்டுமா என்று வனத்துறையிடமோ மாவட்ட அலுவலகத்திலோ விசாரித்துக்கொள்வது கட்டாயம்.

நேயர்களே, மலைக்குப் போகிறவர்கள் கைக்கொள்ள வேண்டிய சில விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, காலை ஏழு மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்குங்கள். உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் பதினொரு மணிக்குத் திரும்பிவிடுங்கள். பாதி வழியில் திரும்புவது இழிவன்று.

இரண்டாவது, மூன்று நாள் தொடர்மழைக்குப் பின் வெயிலடித்தாலும் போகாதீர்கள். வானம் காய்ந்திருக்கலாம், மண் காய்ந்திராது.

மூன்றாவது, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டிலுள்ள ஒருவரிடமோ அக்கம்பக்கத்தாரிடமோ சொல்லிவிட்டுச் செல்லுங்கள். வழிதவறினால் அலையாமல் ஓரிடத்தில் இருங்கள். ஆபத்து நேரத்தில் அழைக்க வேண்டிய எண் 999 என்பதைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்வியுங்கள்.

நான்காவது, இடி கேட்டவுடன் இறங்கத் தொடங்குங்கள். தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடியில் ஒதுங்காதீர்கள். பக்கத்தில் கட்டடமோ மூடிய வண்டியோ இருந்தால் அதற்குள் போய்விடுங்கள்.

ஐந்தாவது, மாற்றுடை ஒன்றும், குடிநீரும், ஒரு விசிலும் பையில் இருக்கட்டும். வழுக்காத காலணி அணியுங்கள். மழைக்குப் பின் அட்டைகள் ஏறும். அட்டையைப் பிடித்து இழுக்காமல், அதன் வாயருகே நகத்தை நுழைத்துத் தள்ளிவிடுங்கள். பின் அந்த இடத்தைக் கழுவுங்கள்.

நம் தோட்டங்களில் பலவற்றில் இன்று பால்மரங்கள் இல்லை. செம்பனை வந்துவிட்டது, சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. லயத்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "இன்றைக்கு மழை பத்து மணிக்கு முன்னே வந்துவிடும்" என்று சொன்ன நம் தாய்மார்களின் அறிவு, மரங்களோடு போய்விடக் கூடாது. அதைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க எளிய வழியொன்று உண்டு. நேரான பக்கங்களையுடைய பால்டின் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலையில் அதிலுள்ள நீரின் உயரத்தை அடிக்கோலால் அளந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அன்று காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, மழை எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். ஓராண்டு எழுதிய பிள்ளைக்குப் பருவக்காற்றைப் பற்றி ஆசிரியர் அதிகம் சொல்ல வேண்டியிராது. எந்த மாதத்தில் மலைக்குப் போகலாம் என்பதை அந்தப் பிள்ளையே உங்களுக்குச் சொல்லும்.

பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், அந்த நோட்டை அவர்களிடமும் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் குறிப்புகளையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.