டயரில் எழுதியிருக்கும் கணக்கு

போர்ஷே 911 என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தயாராகும் அந்தக் காரின் எடை சுமார் 1,500 கிலோ. இவ்வளவு எடையும் சாலையை எவ்வளவு இடத்தில் தொடுகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

நான்கு சக்கரங்களுக்கும் பங்கிட்டால், ஒன்றுக்குச் சராசரியாக 375 கிலோ. டயருக்குள் அடைத்த காற்று, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 2.3 கிலோவைத் தாங்குகிறது. 375-ஐ 2.3-ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 163 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்! வேகம் பிடிப்பது, வளைவது, பிரேக் போடுவது எல்லாம் அந்த நான்கு சின்ன இடங்களை நம்பியே நடக்கின்றன. ஆகவே, டயர் தேய்ந்துபோனால் கைக்குக் கிடைத்ததை வாங்கி மாட்டிவிட முடியாது.

எதை வாங்குவது என்று பழைய டயரே சொல்லும். 2019-இல் அறிமுகமான 911 கரேராவின் முன் டயரில் 235/40 இசட்ஆர் 19 என்று பொறித்திருக்கும். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 40 சதவீதம், அதாவது 94 மில்லிமீட்டர். சுவர் குட்டையாக இருப்பதால் வளைவில் டயர் அதிகம் நெளியாது. ஆர் என்றால் ரேடியல் டயர். 19 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

பின் டயரின் அளவோ 295/35 இசட்ஆர் 20. ஏன் இவ்வளவு அகலம்? இந்தக் காருக்கு எஞ்சின் பின்னால் இருக்கிறது. எடை அங்கேதான் அதிகம். காரைத் தள்ளுவதும் பின் சக்கரங்களே. எனவே முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட முடியாது.

அளவை அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண், டயர் தாங்கும் எடையைக் குறிக்கும். எழுத்து, வேகத்தைக் குறிக்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வரை, ஒய் என்றால் 300 வரை. அளவு சரியாக இருந்தாலும் இந்த எழுத்து குறைந்த வேகத்துக்கு உரியதாக இருந்தால் அந்த டயர் வேண்டாம்.

மாட்டும்போதும் கவனம் வேண்டும். சில டயர்களில் சுழலும் திசையைக் காட்ட அம்புக்குறி இருக்கும். பள்ளங்கள் மழைநீரை வெளியே தள்ளுவதற்கேற்ப அமைந்திருப்பதால், திருப்பி மாட்டினால் அந்த வேலை கெட்டுவிடும். அப்புறம் வீல் பேலன்சிங். சக்கரத்தை எந்திரத்தில் சுழற்றி, எடை குறைந்த இடத்தில் சிறிய எடைத்துண்டை ஒட்டுவார்கள். 10 கிராமில் என்ன வந்துவிடும் என்கிறீர்களா? 200 கிலோமீட்டர் வேகத்தில் முன் சக்கரம் நொடிக்கு 26 முறை சுற்றும். அப்போது ரிம்மின் ஓரத்தில் இருக்கும் 10 கிராம் வித்தியாசம், 6 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கும். ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும்!

கடைசியில் போல்ட்டுகளை வரிசையாக முறுக்காமல், ஒன்றுக்கு எதிரில் உள்ளதை அடுத்ததாக முறுக்குவார்கள். அப்போதுதான் சக்கரம் கோணாமல் உட்காரும். புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்குமாதலால், முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும்.

உங்கள் வீட்டுக் காரின் டயரையும் இன்றைக்கே பாருங்கள். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 3523 என்றிருந்தால், அது 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறிய மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேடுவரை தேய்ந்திருந்தால், உடனே மாற்றும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள்.