கணினித் திரையும் ஒளிச் சமனின்மையும்

இருளென்பது ஒளியின் இன்மையே என்பர் தருக்க நூலார். மீமாஞ்சகருள் பாட்டர் அதனை மறுத்து, இருளும் ஒரு தனிப்பொருளே என்பர். இவ்வழக்கில் எவர் பக்கம் நின்றாலும், கணினித் திரையில் தோன்றும் கருமை இவ்விரண்டனுள் ஒன்றிலும் அடங்காது. ஆங்கு ஒளி இல்லாமலில்லை; திரையின் பின்னே விளக்கு எரிந்துகொண்டே இருக்கின்றது. அவ்வொளியை வெளியே விடாது அடைத்து நிற்றலே அக்கருமை. அடைப்பு எங்கே தளர்கின்றதோ அங்கே வெளிறல் தோன்றும். புதிதாக வாங்கிய திரையை இரவில் முதன்முதல் இயக்கியவர், மூலையில் மஞ்சட்புகை படிந்தாற்போலவும் ஓரத்தில் வெண்கீற்று ஓடினாற்போலவும் கண்டு திடுக்குறுவது இதனாலேயாம்.

மலைநாட்டில் இத்திடுக்கம் சிறிதன்று. அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் ஒரு தோட்டப் பாடசாலை தானே முயன்று கணினி வாங்குகின்றதெனின், பெற்றோர் கொழுந்து பறித்து ஈட்டிய கூலியிற் சேர்த்த சிறு தொகைகளும், கொழும்பிலும் கடல்கடந்தும் வாழும் பழைய மாணவரின் உதவியும் அதன்பின் நிற்கும். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாவை எட்டியதே 2021ஆம் ஆண்டிலேதான். திரையைத் திருப்பியனுப்புவதாயின் ஒருவர் ஒருநாள் வேலையை விட்டு, பெட்டியைச் சுமந்து பேருந்தேறி நகரத்துக் கடைக்குச் செல்லல் வேண்டும். குற்றமற்றதைத் திருப்பினால் நாளும் பொருளும் வீண். குற்றமுள்ளதை ஏற்றுக்கொண்டாலோ உத்தரவாதக் காலம் கழிந்தபின் கேட்பாரில்லை. ஆகலின், காணும் வெளிறல் எவ்வகையினது என்று முதலில் தெளிதல் வேண்டும்.

அதற்குத் திரையின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம். ஒஸ்திரிய நாட்டுத் தாவரவியலாளரான பிரீட்ரிக் ரைனிட்சர் 1888இல், கரட்டிலிருந்து பெற்ற சேர்வையொன்றைச் சூடாக்கியபோது அது இருமுறை உருகக் கண்டார். முதல் உருகலுக்கும் இரண்டாம் உருகலுக்கும் இடையே அது நீர்போல் ஓடியது. ஆயினும் பளிங்கின் ஒழுங்கை இழக்கவில்லை. நுவரெலியாவில் மலிந்து விளையும் அக்கிழங்கினின்று தோன்றிய திரவப் பளிங்கு பற்றிய அறிவே இன்று ஒவ்வொரு மேசையிலும் திரையாக நிற்கின்றது. ஒளியை ஒரு திசை அதிர்வுக்கு மட்டும் இடங்கொடுத்து வடிக்கும் இரண்டு முனைவாக்கித் தகடுகள், ஒன்றுக்கொன்று குறுக்காக அமைக்கப்படுகின்றன. அவற்றிடையே திரவப் பளிங்கு. தனியே விட்டால் முதற்றகடு விட்ட ஒளியை இரண்டாந்தகடு தடுத்துவிடும். பளிங்கு மின்னழுத்தத்தின் ஏவலால் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பும்போது மட்டுமே வெளிச்சம் வெளிப்படும்.

இவ்வடைப்பு எவ்வளவு திறமானதாயினும் முற்றுமானதன்று. இக்காலத்தே பெருவழக்காயுள்ள ஐ.பி.எஸ். வகைத் திரையில் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1,000க்கு 1 ஆகும். அஃதாவது, ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி எப்பொழுதும் கசிந்துகொண்டே இருக்கும். வீ.ஏ. வகையில் இவ்விகிதம் 3,000ஐயும் எட்டும். பின்விளக்கே இன்றி, ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரைகளில் மட்டும் இவ்வினா எழுவதில்லை. அவற்றின் விலை பாடசாலைக்கு எட்டுவதில்லை.

இனி விளக்கு. முன்னாளில் மெல்லிய ஒளிர்குழாய்கள் இருந்த இடத்தை இன்று ஒளிகாலும் இருவாயிகள் பிடித்துள்ளன. பெரும்பாலான திரைகளில் இவை பின்புறம் முழுதும் பரந்து நிற்பதில்லை. ஓர் ஓரத்தில் மட்டும் வரிசையாக நிற்கும். அவற்றின் ஒளி ஒரு தெளிந்த தகட்டினுள் புகுந்து, முழுவுட்டெறிப்பினால் அதனுள்ளேயே தாவிச் செல்லும். தகட்டின் பின்முகத்தில் அச்சிட்ட நுண்புள்ளிகள் ஆங்காங்கே அதனைச் சிதறி முன்னே தள்ளும். விளக்கிற்கு அண்மையில் ஒளி மிகுதி, சேய்மையிற் குறைவு. லயத்துக்கு வரும் நீர்க்குழாயில், தொட்டிக்கு அருகிலுள்ள பீலி பாய்ந்து கொட்ட, கடைசிக் காம்பராவின் பீலி சொட்டுச் சொட்டாய் வடிவதை அறியாதார் மலையகத்திலில்லை. அருகிலுள்ள வாயைச் சிறிதாகவும் தொலைவிலுள்ளதைப் பெரிதாகவும் அமைத்தாலன்றோ எல்லாரும் ஒப்பப் பெறுவர்? தகடு செய்வோரும் அதனையே செய்கின்றனர்: விளக்கருகே புள்ளிகள் நுண்ணியன, அரியன, சேய்மையிற் பெரியன, நெருங்கியன. இக்கணக்குப் பிழைத்தாலும், தகட்டின் முன்னுள்ள ஒளிபரப்பும் மென்றாள்கள் நெளிந்தாலும், வெள்ளைப் பரப்பிலும் சாம்பற் பரப்பிலும் மேகம்போல் மங்கலும் பொலிவும் மாறிமாறித் தெரியும். இதுவே பின்னொளியின் உண்மையான சமனின்மை. எழுத்தின் பின்னே எப்பொழுதும் தெரிவதால், கண்ணை மிகவும் உறுத்துவதும் இதுவே.

கரும்பரப்பில் மட்டும் தோன்றும் வெளிறல் வேறு. அது இருதிறப்படும். இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குவதாலேயே பலர் நல்ல திரையைப் பழிக்கின்றனர். குறுக்கே நிற்கும் முனைவாக்கிகள் நேரே நோக்குவார்க்கே சரியான குறுக்கில் நிற்கும். மூலைவிட்டத் திசையிற் சாய்ந்து நோக்குவார்க்கு அக்குறுக்கு நெகிழும். 24 அங்குலத் திரையில் நடுவிலிருந்து மூலை 12 அங்குலம். 50 சென்றிமீற்றர் தொலைவில் இருப்பவர் அம்மூலையை ஏறத்தாழ 31 பாகைச் சாய்விற் காண்கின்றார். ஒரு மீற்றர் தொலைவுக்குப் பின்னே சென்றால் அது 17 பாகையாகக் குறையும். ஆகலின், பின்னே நகர மங்குவதும், தலையை அசைக்கத் தானும் அசைவதும், மூலைக்கு நேரே கண்ணை வைத்தால் மறைவதுமாகிய வெளிறல் ஐ.பி.எஸ். வகையின் இயல்பேயன்றிக் குற்றமன்று. மாற்றி வாங்கும் திரையிலும் அது இருக்கவே செய்யும்.

நோக்குவார் எங்கே நின்றாலும் இடம் பெயராது, ஓரத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும் கீற்றோ வேறு கதை. அதன் காரணம் அழுத்தம். கண்ணாடியை அழுத்தினால் அது ஒளியின் அதிர்வைத் திருப்பும் தன்மை பெறும் என்பதை ஸ்கொத்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் 1815ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கண்டறிந்தார். உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தாமே காணலாம். வெண்மையாக ஒளிரும் கணினித் திரையின் முன்னே தெளிந்த பிளாத்திக்கு அடிமட்டமொன்றைப் பிடித்து, முனைவாக்கிக் கண்ணாடி அணிந்து நோக்கி, கண்ணாடியை மெல்லச் சுழற்றுக. அடிமட்டத்தினுள் வண்ணப் பட்டைகள் தோன்றும். வளைத்தால் அவை இடம் பெயரும். திரையின் சட்டகம் ஒரு மூலையை மிகையாக இறுக்கும்போதும் நிகழ்வது இதுவே. அடைத்து நிற்கவேண்டிய இடத்தில் அழுத்தம் ஒரு சிறு கதவைத் திறந்துவிடுகின்றது. சட்டகத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள நெகிழ்வு வழியாக ஒளி நேரே ஒழுகுவதும் உண்டு.

சோதிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,868 மீற்றர் மேலுள்ளது. மார்கழி, தை மாதங்களில் விடியற்பனி புல்லின்மேல் உறைவதுமுண்டு. குளிரில் திரவப் பளிங்கு சோம்பும். தகடுகளும் சட்டகமும் வெப்பம் ஏற ஏற வெவ்வேறளவில் விரியும். ஆகலின், விடியற்காலை இயக்கிய உடனே தீர்ப்புக் கூறலாகாது; அரை மணி நேரமேனும் எரியவிடல் வேண்டும். குளிரிற் பயணஞ்செய்து வந்த பெட்டியை, மாணவர் நிறைந்த வெதுவெதுப்பான அறையிற் பிரித்து உடனே மின் ஏற்றுவது அதனினும் தவறு. மூடுபனி நாட்டில் ஈரம் குளிர்ந்த பரப்பைத் தேடிப் படியும். சில மணி நேரம் திரை அறையின் வெப்பத்துக்கு வரட்டும்.

முழு இருளில் வைத்துச் சோதிப்பதும் பொருத்தமன்று. இலட்சபான மின்னிலையம் 1950இல் இயங்கத் தொடங்கி இம்மலைகளின் நீரால் கொழும்புக்கு விளக்கேற்றியபின்னும், பல்லாண்டுகள் லயத்துப் பிள்ளைகள் குப்பி விளக்கிற் படித்தனர்; அவர்களுங்கூட முழு இருளிற் படித்ததில்லை. பாடம் நடக்கும் வெளிச்சத்திலேயே திரையை நோக்குக. புதுத்திரைகள் கடையிற் கவர்ச்சியாய்த் தெரியும்பொருட்டு மிகுந்த பொலிவோடு வருகின்றன. 250 அலகு வெண்மையுடைய திரையில், விகிதம் 1,000 ஆயின், கருமை கால் அலகு ஒளிரும். வெண்மையை 100 ஆகக் குறைத்தால் கருமையும் பத்திலொன்றாகக் குறையும். பெரும்பாலான முறையீடுகள் இந்த ஒரு திருத்தத்தோடு அடங்கிவிடும். கைப்பேசியில் எடுத்த படத்தையும் நம்பலாகாது. இருளைக் கண்ட புகைப்படக்கருவி ஒளியை நெடுநேரம் வாங்கிச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தீப்போற் காட்டும்.

ஒன்றுமட்டும் நகரத்து வீட்டாருக்கில்லாத நிலை. தோட்டப் பாடசாலைகளில் ஒரு திரையின் முன் மூவர் அமர்தல் வழக்கம். நடுவிலிருப்பவருக்கு நேரிய காட்சி. பக்கத்திலிருப்பவர் மறுமூலையை 50 பாகைக்கும் மிகுந்த சாய்விற் காண்கின்றார். ஆசிரியர் நடு இருக்கையில் அமர்ந்து நன்றெனச் சொல்லிய திரை, ஓர மாணவிக்கு வெளிறிக் கிடக்கலாம். மூன்று இருக்கையிலும் அமர்ந்து நோக்கியபின்னரே முடிவு கூறுக. மேசையைச் சிறிது பின்னிழுத்துத் திரையின் சாய்வைத் திருத்துதலும், திரைக்குப் பின்னே சுவரிற் படுமாறு ஒரு சிறு விளக்கை வைத்தலும் வெளிறலின் உறுத்தலைப் பெரிதும் தணிக்கும்.

திருகாணிகளைத் தளர்த்துதல், வெளிறிய இடத்தைத் துணியால் அழுத்தித் தேய்த்தல் முதலிய வைத்தியங்கள் பலராற் சொல்லப்படுவன. முதலாவது உத்தரவாதத்தைப் போக்கும். இரண்டாவது கண்ணாடியையே போக்கலாம். செய்யத்தக்கது ஒன்றுண்டு: திரையைத் தாங்கியிற் பூட்டிய திருகாணிகள் சமமின்றி இறுகிப் பின்புறத்தை முறுக்குகின்றனவா என்று பார்த்தல். இடம்பெயராத கீற்று எழுத்தின்மேல் விழுமாயினும், சாம்பற் பரப்பில் மேகங்கள் தெளிவாயினும், நாட்கணக்கை நோக்கித் தாமதமின்றித் திருப்புக. ஐ.எஸ்.ஓ. 9241-307 என்னும் சர்வதேச நியமம் பழுதுற்ற படப்புள்ளிகளை எண்ணி வகுக்கின்றது. உத்தரவாதப் பத்திரங்களும் அவ்வாறே எண்ணுகின்றன. ஒளிக்கசிவுக்கோ அவற்றில் எண் காண்பது அரிது. கடைக்காரரின் மனமே அளவுகோலாகிவிடுகின்றது. ஆதலால், பணம் செலுத்துமுன், ஒளிச் சமனின்மைக்காக எத்தனை நாளுக்குள் மாற்றித் தரப்படும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குதல் வேண்டும்.

திருப்பும் அளவுக்குக் குற்றமின்றிச் சிறு வெளிறலோடு எஞ்சும் திரைகளும் சில இருக்கும். அவற்றை மூவர் அமரும் மேசையிலன்றி, வெள்ளைத் தாள்போன்ற பரப்பில் ஒருவரே தனித்திருந்து தட்டெழுதும் மேசையில் இடுக.