உறுப்பு மாற்றிய பிறகு கழுத்தில் நெறி கட்டுகிறதா? அலட்சியம் வேண்டாம்!

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தினமும் நேரம் தவறாமல் மாத்திரை போட வேண்டும். புதிய உறுப்பை உடல் தாக்காதபடி, டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கின்றன. அந்த நேரம் பார்த்துத் தலைதூக்கும் வைரஸ் ஒன்று உண்டு.

1964-ல் கண்டுபிடிக்கப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ்தான் அது. எச்சில் வழியே பரவும். பெரியவர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்களின் உடலில், 'பி' வகை வெள்ளை அணுக்களுக்குள் பதுங்கியிருக்கிறது. 'டி' அணுக்கள் காவல் காப்பதால் பெரும்பாலும் தொல்லை இல்லை. மருந்தால் காவல் தளர்ந்தால், பி அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகலாம். சிலருக்கு அது லிம்போமா புற்றுநோயாகவும் மாறும். இதை 'பி.டி.எல்.டி' என்கிறார்கள் மருத்துவர்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

இந்த வைரஸ் அதுவரை தொற்றாத குழந்தைக்கு, வைரஸ் உள்ளவரின் உறுப்பைப் பொருத்தும்போது ஆபத்து அதிகம். முதல் வருடம் கூடுதல் கவனம் தேவை.

என்ன அறிகுறிகள்?

விடாத காய்ச்சல், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டுதல், எடை குறைதல், இரவில் வியர்வை, தீராத வயிற்றுவலி. 'சாதாரணக் காய்ச்சல்தானே' என்று கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். ரத்தத்தில் வைரஸ் அளவையும், கட்டியின் திசுவையும் பரிசோதித்து உறுதி செய்வார்கள்.

சிகிச்சை உண்டா?

உண்டு. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் குறைப்பதே முதல் படி. 1984-லேயே அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் குழுவினர் இதன் பலனைப் பதிவு செய்தனர். போதாவிட்டால் ரிட்டுக்ஸிமாப் ஊசி, கீமோதெரபி தருவார்கள்.

ஆனால், மாத்திரையை நீங்களாகவே குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. பொருத்திய உறுப்பையே இழக்க நேரிடும். நெறி கட்டினால், அன்றே உங்கள் டாக்டருக்கு போன் செய்யுங்கள்.