டீசல் எஞ்சினின் ஒலியும் உழைப்பாளரின் அறிவும்: நெல்லியடியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

அறிவு நூலிலே பிறந்து தொழிலிலே பிரயோகமாகின்றது என்பது கற்றோரிடையே வேரூன்றிய எண்ணமாகும். மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் கூறுபடுத்திய சமூக அமைப்பே இவ்வெண்ணத்தின் ஊற்றுக்கண். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாந் தொகுதியில், இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில், இப்பிரிவினையை மார்க்ஸ் ஆராய்ந்துள்ளார். யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதியில் வடமராட்சியின் வணிக மையமாக விளங்கும் நெல்லியடியின் கராஜ்களிலே, ஒலியைக் கேட்டு எஞ்சினின் பழுதை அறியும் தொழிலாளியின் செயன்முறையைக் கொண்டு இவ்வெண்ணத்தைப் பரிசீலிப்போம்.

றூடோல்ஃப் டீசல் 1897இல் இயக்கிக் காட்டிய எஞ்சினின் தத்துவம் எளிதானது. சிலிண்டரிலுள்ள காற்றைப் பிஸ்டன் அதன் கனவளவில் ஏறத்தாழ இருபதிலொரு பங்காக அமுக்குகின்றது. அவ்வமுக்கத்தால் மிகுந்த வெப்பமடையும் காற்றினுள் இன்ஜெக்டர் டீசலைச் சீறியடிக்க, தீப்பொறியின்றியே அது எரிகின்றது. எனவே டீசல் எஞ்சினுக்கு ஓரளவு தட்டலொலி இயல்பானதே. இயல்பான தட்டலினின்றும் நோயின் தட்டலைப் பிரித்தறிதலே பழுதறிதலின் முதற்படியாகும்.

இதற்குத் தாளமும் சூழ்நிலையும் துணைபுரிகின்றன. கிராங் தண்டு இருமுறை சுழலும்போது வால்வு ஒருமுறையே திறந்து மூடும். நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒரு வால்வின் ‘டிக் டிக்’ ஒலி 400 முறை எழும். மேற்பகுதியில், இத்தாளத்தில் மெல்லிதாகக் கேட்பது பெரும்பாலும் டப்பெட் இடைவெளி கூடியதன் விளைவு. அடிப்பகுதியிலிருந்து, பாரமேற்றும்போது கனத்தெழும் ‘டம் டம்’ ஒலி கிராங்கின் பிரதான பெயாரிங் தேய்ந்தமையைச் சுட்டும். குளிர்ந்த எஞ்சினிற் கேட்டு, சூடேறியபின் குறையும் ஒலி பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே தேய்வுண்டு எனக் காட்டும். புகையும் சாட்சி கூறும்: கரும்புகை காற்றின் குறைவையோ எரிபொருளின் மிகுதியையோ, நீலப்புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் குறிக்கும்.

இங்கு ஒலிக்குறிப்புச் சொற்களின் பணி மனங்கொள்ளத்தக்கது. தொல்காப்பியக் கிளவியாக்கம் பேசும் இரட்டைக்கிளவியைச் செய்யுளின் ஓசைநயமாக மட்டும் கண்டு பழகியுள்ளோம். கராஜிலோ அது கலைச்சொல்லாகின்றது. ‘டிக் டிக்’ என்பதற்கும் ‘டம் டம்’ என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு, ஓர் இடைவெளியைச் சரிசெய்வதற்கும் எஞ்சினை முற்றாகக் கழற்றுவதற்கும் இடையேயுள்ள வேறுபாடாகும்.

அடுத்த படி பரிசோதனை. நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினின் உடலில் வைத்து, பிடியைக் காதோடு பொருத்தி, ஒலியின் இடத்தைத் தொழிலாளி தேடுகின்றார். பின்னர், பழைய வகை எஞ்சினாயின், ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் எரிபொருட் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துகின்றார். எந்தச் சிலிண்டரின் எரிதல் நின்றதும் தட்டல் மறைகின்றதோ, குற்றம் அங்கேயே உளது. அது இன்ஜெக்டரிலா, பெயாரிங்கிலா? இன்ஜெக்டரை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கின்றார். ஒலியும் உடன் இடம்பெயர்ந்தால் குற்றம் இன்ஜெக்டருடையது. ஒன்றை மாற்றி ஏனையவற்றை மாறாது வைத்து நோக்கும் இம்முறையும் ஆய்வுகூட விஞ்ஞானத்தின் முறையும் வெவ்வேறல்ல.

இவ்வறிவின் சமூகப் பெறுமதியை வரலாறு சோதித்துக் காட்டியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு டீசலும் பெற்றோலும் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெயே வாகனங்களை ஓட்டியது. டீசல் பம்ப் தான் தள்ளும் எரிபொருளாலேயே உராய்வு நீங்கப் பெறுவது. பாகுத்தன்மை குறைந்த மண்ணெண்ணெயில் அது விரைந்து தேயும்; எண்ணெய் கலந்து ஓட்டுவதன் நியாயம் இதுவே. மேலும், மண்ணெண்ணெய் தீப்பற்றச் சற்றுத் தாமதித்துப் பின் ஒருசேர எரியுமாயின் தட்டல் வன்மையாகும். எரிபொருளின் தட்டலையும் பெயாரிங்கின் தட்டலையும் காதாலேயே பிரித்தறிய வேண்டியிருந்தது. தவறினால் மாற்றுவதற்கு உதிரிப்பாகமும் அரிது.

இன்று எஞ்சின்கள் மாறிவிட்டன. மின்னணுக் கட்டுப்பாடுடைய புதிய எஞ்சின்களின் எரிபொருட் குழாயில் 1000 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் நிலவும். ஓடும்போது அந்நட்டைத் தளர்த்தினால் பீச்சிடும் டீசல் தோலைத் துளைத்து உடலினுட் புகும். பழைய அனுபவத்தை ஆராயாது பின்பற்றுதல் இங்கு உயிராபத்தாகும். மறுபுறம், கருவி காட்டும் பிழைக்குறியீடு தேய்ந்த பெயாரிங்கைப் பெரும்பாலும் காட்டாது. ஆகவே செவியும் கருவியும் ஒன்றையொன்று நிறைவுசெய்ய வேண்டியவை.

ஆனால் அச்செவியையே தொழில் அரிக்கின்றது. 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட இரைச்சலை நாளொன்றுக்கு எட்டு மணிநேரம், ஆண்டுக்கணக்கிற் கேட்போரின் செவிப்புலன் படிப்படியாகக் குன்றும். முதலில் மறைவன உயர்ந்த சுருதியுடைய நுண்ணொலிகளே. அதாவது பழுதின் ஆரம்ப அறிகுறிகளே. தொழிலாளி தன் உழைப்புக் கருவியையே உழைப்பில் இழக்கின்றார். அவ்விழப்பு எந்தக் கூலிக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

எனவே செய்யவேண்டியன இரண்டு. செவிக்காப்பும் காலந்தோறுஞ் செவிப்பரிசோதனையும் கராஜ் தொழிலாளரின் உரிமையாக்கப்படல் வேண்டும். அவர்தம் சொற்களும் முறைகளும், அவர்களையே ஆசிரியராகக் கொண்டு, பல்கலைக்கழகத் தமிழால் பதிவுசெய்யப்படல் வேண்டும். நாட்டார் பாடலைத் தொகுத்த நாம், அதைப் பாடிய மக்களின் தொழிலறிவைத் தொகுக்காது விடுவதற்கு நியாயமேதுமில்லை.