குளிர்சாதனப்பெட்டியின் மின்செலவைக் குறைத்தல்

மின்விசிறியை வேண்டாதபோது நிறுத்தி விடுகிறோம். குளிர்சாதனப்பெட்டியோ இரவும் பகலும் இணைப்பிலேயே இருப்பது. ஆதலின் அதன் விஷயத்தில் சிறு கவனக்குறைவும் மின்கட்டணத்தில் பெருஞ் செலவாய் வந்து நிற்கும்.

இப்பெட்டி குளிரை உண்டாக்குவதாகப் பலரும் எண்ணுவர். உண்மையில் அது உள்ளிருக்கும் உஷ்ணத்தை எடுத்து வெளியே தள்ளும் இயந்திரமேயாகும். உள்ளே உஷ்ணம் அதிகமாகப் புகுந்தாலும், வெளியே தள்ளிய உஷ்ணம் கலைந்து போக வழியில்லாவிடினும், கம்ப்ரஸர் நெடுநேரம் ஓட நேரிடும். இதனை உத்தேசித்துக் குடும்பத்தார் கைக்கொள்ள வேண்டியவை பின்வருமாறு:

1. பெட்டியை அடுப்பருகிலும் வெயில் படுமிடத்திலும் வைக்கலாகாது. பின்சுவருக்கும் பெட்டிக்கும் சுமார் 4 அங்குல இடைவெளி விடுக. பின்புறக் கம்பிச்சுருள் வெளியே தெரியுமாயின், மின்னிணைப்பை நீக்கியபின் அதிற் படிந்த தூசியைத் துடைக்க.

2. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்க்க. பிடிப்பின்றி வருமாயின் ரப்பர் விளிம்பைச் சோப்பு நீரால் துடைக்க. பின்னும் தளர்ச்சி நீங்காவிடில் புதிது மாற்றுக.

3. உட்புறம் 3 முதல் 5 டிகிரி சென்டிகிரேடு இருந்தாற் போதும். அதனினும் குளிர வைப்பது வீண்செலவு.

4. பனி தானே நீங்காத பெட்டிகளில், அது கால் அங்குலக் கனம் ஏறுமுன் கரைத்து விடுக. கத்தியாற் சுரண்டினால் குழாய் துளைபட்டுப் பெட்டியே கெடும்.

5. காய்ச்சிய பாலையும் குழம்பையும் சூடு ஆறியபின், மூடி வைக்க.

சந்தையில் விலைபோகாத காய்களையெல்லாம் பெட்டியில் அடைக்கும் வழக்கம் குடியானவர் வீடுகளில் உண்டு. இதனால் இருவகை நஷ்டம். மின்சாரம் செலவாவதுடன், கடுங்குளிரில் கத்தரிக்காய் குழிவிழுந்து விதை கறுக்கும். தக்காளி சுவை குன்றும். இவற்றிற்கு மின்சாரம் வேண்டாத குளிர்தொட்டியே ஏற்றது. இம்முறையை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தார் 1980-களில் வகுத்தனர். நிழலில் இரட்டைச் செங்கற்சுவர் எழுப்பி, நடுவே 3 அங்குல இடைவெளியில் ஆற்றுமணல் நிரப்பி, காலையும் மாலையும் நனைத்து, மேலே ஈரச்சாக்கிட்ட மூடியால் மூட வேண்டும். நீர் ஆவியாகுங்கால் உஷ்ணத்தைக் கவர்ந்து செல்லும். வறண்ட கோடையில் உட்புறம் வெளியைவிட 10 டிகிரிக்கு மேலும் குளிர்ந்திருக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் இப்பயன் குறையும்.

பாலும் சமைத்த பண்டமும் பெட்டிக்கு, காய்கள் தொட்டிக்கு. இவ்வாறு பிரித்து வைப்பின் மின்செலவு குறைவதோடு, மறுசந்தைக்குக் காயும் மிஞ்சும்.