'லைட்டா ஃபேட்டி லிவர்': பிள்ளைகள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்த பத்து வயதுப் பையனின் ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. "லைட்டாத்தான் இருக்காம், பயப்பட ஒண்ணுமில்லையாம்" என்கிறார் அம்மா. சத்துவாச்சாரியில் குடியிருந்து ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். அந்த 'லைட்டா'தான் எனக்குக் கவலை.

கல்லீரலில் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டினாலே நோய்தான். அல்ட்ராசவுண்டிலோ இருபது, முப்பது சதவீதம் சேர்ந்த பிறகுதான் அது தெளிவாகத் தெரியும். அதனால் 'நார்மல்' என்று வந்த பிள்ளையும் தப்பித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கல்லீரல் இறுகத் தொடங்கிவிட்டதா என்பதும் அதில் பிடிபடாது.

அதைச் சொல்வது ஃபைப்ரோஸ்கேன். மூன்று மணி நேரம் வெறும் வயிறு. பிள்ளை மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்ள, விலா எலும்புகளுக்கு நடுவே கருவி 'டப் டப்' என்று மெல்லத் தட்டும். சுண்டிவிட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பத்துத் தட்டு சரியாக விழுந்தால் இறுக்கம் கிலோபாஸ்கலில் வந்துவிடும். கொழுப்புக்குத் தனி எண். சின்ன மார்புக்குச் சின்ன புரோப் உண்டு. கொழுப்பைத் துல்லியமாக அளக்க எம்.ஆர்.ஐ.தான், செலவு அதிகம். ஊசி போட்டுச் சதை எடுக்கும் பயாப்சியில் கிடைப்பது கல்லீரலின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதற்காக எடுத்த எடுப்பில் பிள்ளையைக் குத்த வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளைகளையும் ஸ்கேனுக்கு அனுப்பினால் வீண் பயம்தான் மிஞ்சும் என்கிற டாக்டர்களும் உண்டு.

ஆனால் படம் எடுத்த பிறகு என்ன? பிள்ளைகளுக்கென ஒப்புதல் பெற்ற மருந்து கிடையாது. மாற்ற வேண்டியது சாப்பாட்டைத்தான். பள்ளி விட்டு வரும் பிள்ளை, அம்மாவின் கம்பெனி பஸ் வரும்வரை கையிலிருக்கும் இருபது ரூபாயில் பப்ஸும் கலர் பானமும் வாங்குகிறது. அந்த இனிப்பில் பாதி ஃப்ரக்டோஸ். அளவு மீறினால் கல்லீரல் அதைக் கொழுப்பாக்கிவிடும். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷிஃப்டை அவரா போட்டார்?

2019-இல் அமெரிக்காவில் கொழுப்புக் கல்லீரல் உள்ள 40 பையன்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் சர்க்கரை சேர்த்த உணவை, குடும்பத்தோடு சேர்த்தே, பெரும்பாலும் நிறுத்தினார்கள். எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. வழக்கம்போல் சாப்பிட்டவர்களுக்கு 21, 20 ஆனது, அவ்வளவே.

நம் பள்ளிகளில் மாலை மணி அடித்ததும் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுக்க முடியாதா? ஷூ கம்பெனிகளும் அதற்குக் கைகொடுக்கலாம்.